துணைக்கு வந்த சரசா

அன்பு மாப்பிள்ளை பழனிச்சாமிக்கு,

நல்லூரில் எல்லாரும் நலம் என்று எழுத ஆசைதான். பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். உன் மகன் பனியன் கம்பெனியில் இன்னும் நாலு மிஷின் போட்டிருக்கிறான். எனக்கொரு செல்போனும் வாங்கித் தந்தான். பேசுவதைவிடப் பாம்பு விளையாட்டுத்தான் அதில் எனக்கு நன்றாக வருகிறது.

உன்மேல் ஒரு கோபம் உண்டு மாப்ள. கம்பெனியை மகனிடம் விட்ட பிறகு, என்ன கிண்டல் அடித்தாலும் நீ சிரிக்கவில்லை. மொதலாளிக்குத் தலைக்கனம் என்று அதையும் கிண்டலடித்தேன். சோறு இறங்காமல், தூக்கம் வராமல் கிடந்தாய். வயசானால் அப்படித்தான் என்றோம். நீயே உன் உயிரை முடித்துக்கொண்ட பிறகுதான் அது நோய் என்று தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? இல்லை, நான்தான் கேட்டிருக்க வேண்டுமா?

போன மாதம் உன் சம்சாரம், அதுதான் என் தங்கச்சி சரசா, சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டாள்.

"அவிங்ககிட்டயே போயிறலாமின்னு இருக்குதுங்ணா."

மனநல டாக்டரிடம் போகலாம் என்றேன்.

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?"

"கிறுக்கு எனக்குத்தான் அம்மிணி. தனியாப் போனா அங்கயே புடிச்சு வெச்சுக்குவாங்க. தொணைக்கு வா."

வந்தாள். டாக்டரம்மாவுக்கு நம் பேத்தி வயதுதான் இருக்கும். "தூக்கம் வருதுங்களா ஐயா?" என்றார்.

"எம்பட கொறட்டைல பக்கத்து ஊட்டுக்காரங்கதான் தூங்கறதில்லீங்க."

அவர் சிரித்தார். சரசா சிரிக்கவில்லை.

"செத்துரலாமின்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?"

அதற்கும் ஒரு நக்கலைத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு.

"தோணுதுங்க. எம்பட மாப்ள போனதுலிருந்தே."

சரசா என்னையே பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குந்தானுங்க டாக்டரம்மா."

மருந்தில் தேறக்கூடிய நோய்தான் என்றார். இப்போது இரண்டு பேருக்கும் மாத்திரை. நான் முழுங்கிவிட்டேனா என்று, மாட்டு வியாபாரி மாதிரி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறாள். "இருக்கறதே நாலு பல்லு, எண்ணிக்கோ" என்றேன் நேற்று. அவளுக்குப் பாதிச் சிரிப்பு வந்தது. சில நாள் அழுகையும் வருகிறது. அப்போது பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். பேசாமல் இருக்க இப்போதுதான் பழகுகிறேன்.

உன்னைப் பார்க்க ஆசை இருக்கிறது மாப்ள, அவசரம் இல்லை. வியாழக்கிழமை மறுபடி டாக்டரம்மாவிடம் போகிறோம். கல்யாணத்தன்று அவளை உன்னோடு அனுப்பி வைத்தவன் நான். இந்தத் தடவை அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குப் பெண் கொடுத்த மச்சான்