ரொட்டியால் அழித்த பாடங்கள்

இந்த நோட்டு உங்கள் கையில் சிக்கியிருந்தால் தயவுசெய்து இங்கேயே மூடிவிடுங்கள். முடியாவிட்டால் படியுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். கெஞ்சிக் கேட்கிறேன்.

அக்டோபர் 3, 1978

அப்பா ஏலத்திலிருந்து ஒரு பெட்டி நிறையப் பழைய பான்ஜோ வாத்தியப் பாடப் புத்தகங்களோடு வந்தார். போன மாதம் இறந்துபோன ஹோபார்ட்டின் வீட்டுச் சாமான். அவருடைய பான்ஜோவையும் சேர்த்தே தள்ளிவிட்டார்களாம்.

ஒரு புத்தகம் நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. இருபத்துநான்கு பாடங்கள். அதை வாங்கவே ஒஹையோவில் ஒருவர் காத்திருக்கிறார். பக்கங்களில் பென்சில் கோடு ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பார். அழிப்பது என் வேலை. ரப்பர் பழைய தாளைக் கிழித்துவிடும். ரொட்டியின் நடுப்பகுதியைப் பிசைந்து உருட்டி, மெல்ல ஒற்றி எடுக்க வேண்டும்.

ஒரு பாடம் கைக்கு வந்துவிட்டால் அதன் தலையில் டிக் போட்டுக்கொள்வது இங்கே வழக்கம். இருபத்துமூன்று டிக் இருந்தன. எல்லாவற்றையும் அழித்தேன்.

அக்டோபர் 4

முதல் பாடத்தில் டிக் இருக்கிறது. விட்டுவிட்டேனோ? மறுபடி அழித்தேன்.

அக்டோபர் 5

முதல் பாடத்திலும் இரண்டாவதிலும்.

அக்டோபர் 9

ஆறு டிக். அழித்தால் காலையில் திரும்பி வந்துவிடுகின்றன.

அப்பா பான்ஜோ வாசிக்கிறார். அப்பாவுக்கு வாசிக்கவே தெரியாது! "வெந்நி போடத் தெரியாதவன் சமையல் புத்தகம் விக்கிற கதைதான்டி உங்கப்பன் கதை" என்று தீவனக் கடை க்ளோவிஸ் எல்லார் முன்னாலும் சொல்வார், அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். இன்று பள்ளிவிட்டு வந்தால், கொட்டகையில் உட்கார்ந்து, பான்ஜோவைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்து இடது கையால் மீட்டிக்கொண்டிருக்கிறார்.

"எப்பப்பா கத்துக்கிட்டீங்க?"

கை நிற்கவில்லை. ஹோபார்ட் இடது கைக்காரர்.

அக்டோபர் 14

பதினொன்று. ஒஹையோக்காரர் ஃபோன் செய்தார். "அது விக்கிறதுக்கில்ல. நான் இன்னும் முடிக்கல" என்று அப்பா வைத்துவிட்டார். க்ளோவிஸ் வந்து, "என்ன வெர்லின், வெந்நி கொதிச்சிருச்சு போல!" என்றார். அப்பா அவரை அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார். க்ளோவிஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்டோபர் 18

பீன்ஸும் சோள ரொட்டியும் எடுத்து வைத்தேன். அப்பா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "நீ யார் வீட்டுப் பொண்ணும்மா?"

அம்மா டெட்ராய்ட்டுக்குப் போய் நாலு வருஷமாகிறது. அப்பாவும் இல்லையென்றால் எனக்கு யார்?

அக்டோபர் 21

ஹோபார்ட்டின் மனைவி ஆர்ஃபா அத்தையைப் போய்ப் பார்த்தேன். ஆப்பிள் பொறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் சொன்னேன்.

"முடிக்காத புத்தகத்தச் சவப்பொட்டியில கூடவே வச்சு அனுப்பணும். அவரும் வாய்விட்டுக் கேட்டாரு. நான்தான் கூரைக்குத் தகரம் வாங்கணும்னு ஏலத்துல விட்டேன். ஒரே ஒரு பாடம்தானே பாக்கி, எங்கயாவது வாசிச்சுட்டுப் போகட்டும்னு நெனச்சேன்."

"அத்தை, அந்த இருபத்துமூணு டிக்கையும் நான் அழிச்சுட்டேன்."

வாளியைக் கீழே வைத்தார். "அடிப் பாவிப் பொண்ணே. அப்ப முதல்லேருந்துல்ல ஆரம்பிப்பாரு!"

"முடிச்சா போயிருவாரா?"

"போவாரு. வாசிச்ச கையை விட்டுட்டுப் போவாரான்னுதான் தெரியல."

அக்டோபர் 22

பத்தொன்பது. மிச்சப் பாடங்களுக்கு நானே பென்சிலால் டிக் போட்டுவிட்டேன்.

அக்டோபர் 23

நான் போட்டவை மட்டும் காணோம். வாசித்தால்தான் நிற்கும்.

கடைசிப் பாடத்தை அப்பாவின் கை தொடக் கூடாது. வேறு கை வாசித்தால்? பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டேன். வகுப்பில் மேசை விளிம்பில் விரலால் பழகுகிறேன். டீச்சர் இரண்டு தடவை முறைத்தார்.

அக்டோபர் 26

இருபத்துமூன்று.

மாலையில் அப்பா கை கழுவப் போனபோது பான்ஜோவையும் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு கொட்டகைக் கதவைத் தாழிட்டேன். மூன்று தடவை தப்பு. வெளியே அப்பா கதவை உலுக்கினார். நாலாவது தடவை கடைசி வரி வரை போய்விட்டேன். புத்தகத்தைப் பார்த்தேன். டிக் இருந்தது. என் கையைப் பார்த்தேன். என் கைதான்.

உலுக்கல் நின்றது. பிறகு ஒரு குரல்:

"ஆர்டி! உள்ள என்னடி பண்றே? வீட்டுப்பாடம் எழுதுனியா இல்லியா?"

ஆர்டி என்றார். என்னை! இருபது நிமிஷம் திட்டினார். அழுதுகொண்டே சிரித்தேன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் குறட்டை விடுகிறார். எவ்வளவு நல்ல சத்தம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஒன்று இப்போதுதான் உறைக்கிறது. பத்து வயதிலிருந்து நான் இந்த வேலை செய்கிறேன். விற்றது போக அலமாரியில் இன்னும் பத்தொன்பது புத்தகங்கள். ஒன்றில் ஐந்து டிக் இருந்தது, ஒன்றில் நாற்பதோ என்னவோ. எல்லாம் செத்தவர்கள் வீட்டுப் புத்தகங்கள். எல்லாவற்றையும் நான்தான்—

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

அப்பாவின் குறட்டை நிற்கவில்லை.

பின்கதவையும்