குழு உறுப்பினரின் மகள்

பிப்ரவரி 6

என் செல்லக் குட்டிம்மாவுக்கு,

அப்பா எழுதுவது. நலம்தானே? அம்மாவின் முதுகு வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் யாரோ ஒருவரின் பல் செட்டை நாய் தூக்கிக்கொண்டு ஓடிய கதையை எழுதியிருந்தாயே, கோர்ட் வராந்தாவில் நின்று படித்துவிட்டு ஒரே சிரிப்பு. ஜூனியர்கள் எல்லாம் எனக்கு மூளை குழம்பிவிட்டதோ என்று பார்த்தார்கள்.

ஒரு சேதி. குடும்பச் சட்டத்தைத் திருத்த அரசு ஒரு குழு போட்டிருக்கிறது. ஏழு பேரில் நானும் ஒருவன். பேப்பரில் என் படத்தைப் பார்த்திருப்பாய். காது மட்டும் பெரிதாக விழுந்திருக்கிறது. உனக்கும் அதே காதுதான், பாவம்.

வழக்கம்போல் ஆபீஸ் முகவரிக்கே பதில் போடு. வீட்டில் உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை. என் மனைவிக்கு ரத்தக் கொதிப்பு வேறு. மகனுக்கும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். புரிந்துகொள்வாய், நீ கெட்டிக்காரி.

ஆயிரம் முத்தங்களுடன்,
அப்பா

பிப்ரவரி 15

அன்புள்ள அப்பாவுக்கு,

குட்டிம்மா எழுதுவது. படத்தை வெட்டி எடுத்து என் வேலை மேசையின் இழுப்பறைக்குள் ஒட்டியிருக்கிறேன். வெளியே ஒட்ட முடியாதே.

அம்மாவிடம் சொன்னேன். "அந்த மனுஷனா? சரி சரி" என்று துணி மடிக்கப் போய்விட்டாள். ஆனால் அன்று முழுக்க ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். உங்கள் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த காலத்துப் பாட்டாம்.

இதுவரை உங்களிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். சொந்தமாகப் பல் செட் செய்யும் கூடம் வைக்க உரிமம் கேட்டுப் போனேன் அல்லவா? கவுன்டரில் இருந்தவர் என் பிறப்புச் சான்றிதழை வாங்கி, "முறை தவறிப் பிறந்தவர்" என்று வாய்விட்டுப் படித்தார். அப்புறம் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "சார், இங்க வாங்களேன், இந்த மாதிரி நான் பார்த்ததே இல்ல" என்றார். வந்தவர் சான்றிதழைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார், மேலிருந்து கீழ்வரை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் தன் பையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து குளித்தேன். போதவில்லை, மறுபடியும் குளித்தேன்.

அந்தச் சொல்லை எடுக்கத்தான் குழுவாமே? நீங்கள் அங்கே இருக்கும்போது எனக்கென்ன கவலை.

உங்கள்
குட்டிம்மா

மார்ச் 2

என் தங்கமே,

உன் கடிதத்தைப் படித்துக் கண் கலங்கிவிட்டேன். அந்த ஆள் பெயரை மட்டும் சொல். இரண்டே நாளில் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிக் காட்டுகிறேன்.

ஆனால் சட்டம் வேறு, நம் விஷயம் வேறு. ஒரு சொல்லை உருவினால் வாரிசு, சொத்து என்று பலதும் ஆட்டம் காணும். நிதானமாகத்தான் போக வேண்டும். அந்தச் சொல் உன்னை என்ன செய்துவிடும்? நான் உன்னைக் குட்டிம்மா என்றுதானே கூப்பிடுகிறேன்?

பதினெட்டாம் தேதி பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்று அறிவித்திருக்கிறார்கள். நீ அலைய வேண்டாம். வெயில் கொளுத்துகிறது.

அன்புடன்,
அப்பா

மார்ச் 19

மதிப்பிற்குரிய ஐயா,

நேற்று விசாரணைக்கு வந்தேன். நீங்கள் பேச எழுந்தபோது பக்கத்தில் இருந்தவரிடம், "இவர் நல்லாப் பேசுவாருங்க" என்று பெருமையாகச் சொன்னேன். அவ்வளவு முட்டாள் நான்.

"முறையாப் பொறந்தவனும் முறை தவறிப் பொறந்தவனும் ஒண்ணுன்னா கல்யாணம் எதுக்குங்க? அழுக்குத் தண்ணிக்குத் தனி வாய்க்கால் வேணும். நல்ல தண்ணியோட கலக்க விடக்கூடாது" என்றீர்கள். கை தட்டினார்கள். அப்போதுதான் என்னைப் பார்த்தீர்கள். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தீர்கள்.

நான் மைக்குக்குப் போய்க் கவுன்டரில் நடந்ததைச் சொன்னேன். குழுவின் தலைவி கனிவாகத்தான் கேட்டார். "உங்க அப்பா யாருன்னு தெரியுமாம்மா? விருப்பம் இருந்தா மட்டும் சொல்லுங்க."

உங்கள் விரல்கள் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. எனக்குப் பாவமாக இருந்தது, நம்புவீர்களா?

"தெரியாதுங்க" என்றேன்.

உடனே உங்கள் முகம் தளர்ந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். பிறகு மற்றவர்கள் கவனிக்காத நேரம் பார்த்து, என்னை நோக்கி லேசாகச் சிரித்தீர்கள். அந்தப் பேச்சைக்கூடப் பொறுத்திருப்பேன். அந்தச் சிரிப்பு! வெளியே ஓடிப்போய்ச் சுவரோரம் வாந்தி எடுத்தேன். பல் செட் செய்ய ஊரார் வாயில் எடுத்த அச்சுகளை எச்சில் காய்வதற்குள் தினமும் கையில் வாங்குகிறவள் நான். இதுவரை எதற்கும் எனக்குக் குமட்டியதில்லை.

இழுப்பறைக்குள் ஒட்டிய படத்தைச் சுரண்டி எடுத்துவிட்டேன். காது மட்டும் வர மாட்டேன் என்கிறது.

டைப்பிஸ்டின் மகள்

மார்ச் 23

என் கண்ணே,

காப்பாற்றிவிட்டாய்! "தெரியாது" என்று நீ சொன்ன அழகு இருக்கிறதே, முகத்தில் ஒரு சலனம் இல்லை. என் ரத்தம் என்பதை நிரூபித்துவிட்டாய்.

கோபத்தில் ஏதேதோ எழுதியிருக்கிறாய். கிழித்துப் போட்டுவிட்டேன், கவலைப்படாதே. நாலு பேர் முன்னால் பேசும்போது அப்படித்தான் பேச வேண்டியிருக்கிறது. உன் உரிமம் விஷயமாக மேலிடத்தில் ஒரு வார்த்தை போட்டு வைத்திருக்கிறேன்.

என்றும் உன்
அப்பா

செப்டம்பர் 9

அன்பு மகளுக்கு,

ஆறு மாதமாகப் பதிலே இல்லை. இந்த அப்பாவிடம் அவ்வளவு கோபமா? கோபமெல்லாம் பறக்க ஒரு சேதி. சட்டம் நிறைவேறிவிட்டது. அந்தச் சொல் ஒழிந்தது! மற்ற ஆறு பேரும் ஒரே பக்கம் நின்றார்கள். தனியாக நின்று கெட்ட பெயர் எடுப்பானேன் என்று நானும் கையெழுத்துப் போட்டேன்.

மகன் கல்யாணமும் நல்லபடியாக முடிந்தது. என் மனைவியிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டாள்.

வரும் இருபதாம் தேதி குழுவுக்குப் பாராட்டு விழா. மேடையில் உன்னை அழைத்து, "இவதான் என் மக" என்று சொல்லப் போகிறேன். பத்திரிகைக்காரர்களிடம் ஜாடையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். ஒரு தகப்பன் எத்தனை வருஷம் மனசுக்குள் வைத்துப் புழுங்கினான் என்று ஊருக்குத் தெரியட்டும். வெளிர் நிறத்தில் ஏதாவது உடுத்திக்கொண்டு வா, படத்தில் நன்றாக விழும். அம்மா வர வேண்டாம். ஆட்கள் ஏதாவது கேட்டு வைப்பார்கள்.

ஆசையுடன்,
அப்பா

செப்டம்பர் 16

ஐயா,

விழாவுக்கு வர மாட்டேன். பத்திரிகைக்காரர்கள் என்னைத் தேடி வந்தால், மார்ச் பதினெட்டாம் தேதி நீங்கள் பேசியதை ஒரு எழுத்து விடாமல் ஒப்பிப்பேன். ஆகவே என்னைப் பற்றிப் பேசாமல் இருப்பது உங்களுக்குத்தான் நல்லது.

ஆறு மாதமும் பேனாவை எடுக்கும்போதெல்லாம் கை கழுவ வேண்டும்போல் இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. நீங்கள் வார்த்தை போட்டு வைத்த உரிம விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிவிட்டுச் சட்டம் வந்த பிறகு புதிதாக ஒன்று கொடுத்தேன்.

நேற்று அம்மாவும் நானும் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். புதுச் சான்றிதழில் அந்தச் சொல் இல்லை. விரலால் தடவிக்கூடப் பார்த்தேன். கவுன்டரில் இருந்த பெண் நல்ல மாதிரி. "இப்ப அப்பா பேரும் சேர்க்கலாங்க. சொல்லுங்க, எழுதிடறேன்" என்றாள்.

நான் அம்மாவைப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் உங்களைப் பற்றி ஒரு சொல் குறையாகப் பேசாதவள் அவள். உங்கள் கடைசிக் கடிதத்தை நான்தான் அவளுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

"அங்க ஒரு கோடு போட்டுடும்மா" என்றாள்.

"கோடு போடக்கூடாதும்மா. காலியாத்தான் விடணும்" என்றாள் அந்தப் பெண்.

"அப்ப காலியாவே இருக்கட்டும். பாக்கச் சுத்தமா இருக்கு."

வெளியே வந்ததும் பசிக்கிறது என்றாள். எதிர்க் கடையில் உட்கார்ந்து இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம். உங்களைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி எழுதாதீர்கள். வந்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பச் சொல்லித் தபால்காரரிடம் சொல்லிவிட்டேன்.

டைப்பிஸ்டின் மகள்