வலைக்கு ஒரு கூறு

பழவேற்காட்டிலிருந்து, கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் தச்சு வேலை பார்க்கும் என் மகன் சிரஞ்சீவி வேணுவுக்கு அம்மா பொன்னியம்மாள் ஆசீர்வாதம் சொல்லி எழுதுவித்தது. அம்மன் புண்ணியத்தில் எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. நீயும் காந்தாவும், நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் பேத்தியும் எப்படி இருக்கிறீர்கள் என்பதை ஒவ்வொருவர் பெயரையும் தனித்தனியாகச் சொல்லி எழுது. எல்லாரும் சௌக்கியம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாய். அது எனக்குப் போதவில்லை. குழந்தைக்குப் பல் வந்துவிட்டதா, யார் சாயல், தூக்கினால் அழுகிறதா, இதையெல்லாம் எழுத உனக்குத் தோன்றாவிட்டால் காந்தாவைக் கேட்டு எழுது.

இந்தக் கடுதாசியையும் உபதேசியார் தேவதாஸ்தான் எழுதுகிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார், மோர் கொடுத்திருக்கிறேன். நான் பேசுவதைப் பேசுகிறபடி எழுதினால் கொழும்பில் சிரிப்பார்கள் என்று திருத்தித்தான் எழுதுவார். மற்றவர்கள் பேசினதை மட்டும் திருத்தாதீர் என்று சொல்லியிருக்கிறேன். அவர்கள் சொன்னது சொன்னபடியே உன் காதில் விழவேண்டும்.

மாசியில் உன் கடுதாசி வந்தது. அதைப் படிக்கக் கேட்டபோது முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நான் கொழும்புக்கு வந்துவிடவேண்டும், வலையைச் சித்தப்பா கையில் ஒப்படைத்துவிடவேண்டும், தனியாக இருந்து கஷ்டப்படவேண்டாம் என்று எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் புத்தி கலங்கிப்போய்க் குடும்பச் சொத்தை வாரி இறைக்கிறாள் என்று உன் சித்தப்பா சம்பந்தம் உனக்கு எழுதியிருந்த விஷயம் அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது. அவர் எழுதினது முழுக்கப் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் பாதியைத்தான் எழுதியிருக்கிறார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

புயல் அடித்த வருஷம் நீ இங்கே இல்லை. படகு உடைந்தது, முகத்துவாரம் மணல் மூடினது, மறு மாசியில் உன் நைனா காய்ச்சலில் போனது, எல்லாம் முன்னமே எழுதியிருக்கிறேன். அப்போது எழுதாமல் விட்டது கூறு விஷயம். நீ சின்னப் பிள்ளையாக இருந்த நாளிலிருந்து கரைவலையில் விழுகிற மீனை மணலில் கொட்டி இரண்டு கூறாகத்தான் போடுவார்கள். வலைக்காரருக்கு ஒன்று, இழுக்கிறவர்கள் எல்லாருக்குமாக ஒன்று. புயலுக்குப் பிறகு வலைக்காரர்கள் கூடிப் பேசி, வலையும் கயிறும் புதிதாகச் செய்து முடிக்கிற வரைக்கும் மூன்று கூறு போட்டு இரண்டை வலைக்காரர் எடுத்துக்கொள்வது என்று வைத்தார்கள். இழுக்கிறவர்களும் சரி என்றார்கள். வலை இல்லாவிட்டால் அவர்களுக்கும் பிழைப்பு இல்லையே. உன் நைனா படுக்கையில் கிடந்தார், அவரும் தலையாட்டினார். வலை செய்து முடிந்தது, கயிறும் திரித்து முடிந்தது. கூறு மட்டும் பழையபடி ஆகவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

அதற்குப் பிறகு இந்த ஊர் கெட்ட கேட்டை நீ பார்த்திருக்கவேண்டும் வேணு. கடலில் மீன் குறைந்துபோனதாக நினைக்காதே. இழுக்கிற கைதான் குறைந்துபோயிற்று. கிடைக்கிற ஒரு கூறை அத்தனை வீடும் பங்கிட்டால் ஒரு வேளைக் கஞ்சிக்கே காணாது. ஒவ்வொரு குடும்பமாகச் சென்னப்பட்டணத்துக்குச் சுமை தூக்கப் போய்விட்டது. மீதி இருக்கிறவர்களை வைத்து வலையை முழுசாக வளைக்க முடியாது. கரை ஓரமாகப் போட்டு இழுத்தோம், வந்தது பொடி மீன். அதிலும் இரண்டு கூறு நமக்கு. என் கூடத்தில் கருவாடு கூரை வரைக்கும் அடுக்கி இருந்தது, வாங்க ஆள் இல்லை. திருப்பாலைவனத்திலிருந்து நெல் வண்டி கொண்டுவருகிற லோகாம்பாள் வருவதை நிறுத்திவிட்டாள். எண்ணெய்க்காரன் வரவில்லை, சட்டிபானைக்காரி வரவில்லை. தறிக்காரத் தெருவில் போய் மீன் விற்கலாம் என்றால், அவர்கள் நெய்கிற முரட்டுப் புடவையை வாங்கிக் கட்டுகிறவர்களே நம் வலை இழுக்கிற வீட்டுப் பெண்கள்தான். இவர்கள் வாங்கவில்லை, அதனால் அவர்கள் என் கூடையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சந்தைத் திடலில் புல் முளைத்துப் போயிற்று. இரண்டு கூறு எடுத்து எடுத்து வலைக்கார வீடுகளில் என்ன ஆயிற்று என்றால், கருவாடு புழுத்ததுதான் மிச்சம். உன் சித்தப்பாவுக்கு எத்தனை கூறு அதிகமாகக் கொடுத்தாலும் அவருக்கு இருக்கிறது ஒரு வயிறுதானே.

போன ஆடியில் ஒரு நாள் காலையில் மாரியும் அவன் பெண்டாட்டியும் வாசலில் வந்து நின்றார்கள். மாரியை உனக்கு நன்றாகத் தெரியும், நம் வலைக்கு முன்கயிறு பிடிக்கிறவன், உன் நைனா போனபோது பாடைக்குத் தோள் கொடுத்தவன். சென்னப்பட்டணம் போகிறோம், சொல்லிவிட்டுப் போக வந்தோம் என்றான். ஏனப்பா என்று கேட்டேன். அவள்தான் சொன்னாள்: "இன்னா பண்றதும்மா, நாள் பூரா இழுக்குறாரு, ராவுக்கு உப்பு வாங்கக்கூட ஒண்ணும் மிஞ்சலை. மீனு இழுக்குற வூட்டுல நண்டு பொறுக்கித் தின்னுறோம்." அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைச் சுட்டது. உள்ளே திரும்பிப் பார்த்தேன், கருவாட்டு நாற்றம் குப்பென்று அடித்தது. போகாதே மாரி, நாளை வலை வளைக்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் மீனைக் கரையில் கொட்டினதும் நானே போய் நின்று மூன்று கூறு போடச் சொன்னேன். ஒன்று வலைக்கு, இரண்டு இழுத்தவர்களுக்கு என்றேன். யாரும் கையை நீட்டவில்லை. நான் தடுமாறிச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். பழையபடி சரிபாதி போட்டிருக்கலாமே என்று நீ கேட்பாய். சரிபாதி கொடுத்தால் ஊரைவிட்டுப் போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் கண்ணு. காலியான வீடு நிரம்பவேண்டுமானால், சென்னப்பட்டணத்தைவிட இங்கே நல்லது என்று அவர்களுக்குத் தோன்றவேண்டும். உன் சித்தப்பா பக்கத்து வலையிலிருந்து ஓடி வந்தார். "இன்னா அண்ணி, அண்ணன் சேர்த்த சொத்து உனக்கு மண்ணாங்கட்டியா? நீ அள்ளிக் குடுத்தா நாளைக்கு எங்க ஆளுங்களும் கேப்பானுங்களே!" என்று எல்லார் எதிரிலும் கத்தினார். கேட்கட்டும் தம்பி, கேட்கத்தான் வேண்டும் என்றேன்.

ஊர்க்கூட்டம் போட்டார்கள். பெரியதனக்காரர் தேசப்பன் நல்லவர்தான், ஆனால் வலைக்காரர்கள் எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது அவர் என்ன செய்வார். வலைக்கார வீட்டார் யாரும் என்னோடு பேசக்கூடாது, நெருப்பு தண்ணீர் தரக்கூடாது, நல்லது கெட்டதுக்கு அழைக்கக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். மறுபடியும் வலைக்கு இரண்டு கூறு எடுத்துக்கொண்டால் தீர்ப்பும் இல்லை என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். உன் நைனா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று தெரியவில்லை. அவர் தம்பி பக்கம்தான் பேசியிருப்பாரோ என்னவோ. அந்த நினைப்புத்தான் அன்றைக்கெல்லாம் அறுத்தது.

முதலில் கொஞ்சம் பேர்தான் என் வலைக்கு வந்தார்கள், மற்றவர்களுக்குப் பயம். போதாக்குறைக்குப் புயலில் மூழ்கின கப்பல் பாய்மரம் ஒன்று அடியில் கிடந்திருக்கிறது, வலை அதில் மாட்டி நடுவாந்திரத்தில் கிழிந்துபோயிற்று. நூல் இருக்கிறதெல்லாம் வலைக்கார வீடுகளில். எனக்கு யார் கொடுப்பார்கள்? மணலில் உட்கார்ந்து அழுதேன் வேணு, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மறுநாள் போனால், இழுக்கிற வீட்டுப் பெண்கள் எல்லாரும் தங்கள் வீட்டுச் சிறு வலைகளைப் பிரித்து நூலாக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கூலி கொடுக்க இப்போது என்னிடம் ஒன்றும் இல்லையே என்றேன். மாரி பெண்டாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ ஏம்மா குடுக்கணும்? இது எங்க கூறு, கிழிஞ்சா எங்களுக்குந்தான் கிழிஞ்சுது" என்றாள். அன்று வரைக்கும் அந்த வலை கிழிந்தால் அழுகிறவர்கள் நம் வீட்டார் மட்டும்தான்.

அதற்கப்புறம் ஆள் வர ஆரம்பித்தது. முழு வலையும் வளைக்க ஆள் சேர்ந்ததும் ஆழத்திலிருந்து வாளையும் மடவையும் வந்தன. என்னுடைய ஒரு கூறு முன்னே எடுத்த இரண்டு கூறைவிடக் குறையவில்லை, பல நாள் கூடவே இருந்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது அது இல்லை. ஒரு காலையில் மாட்டு மணிச் சத்தம் கேட்டு வெளியே வந்தால் லோகாம்பாள் வண்டி நிற்கிறது. "இன்னா பொன்னியம்மா, உங்க ஊருல நெல்லு கேக்க ஆளு வந்துட்டாங்கன்னு ஆரம்பாக்கம் வரைக்கும் பேச்சா இருக்குது" என்று சிரிக்கிறாள். பின்னால் எண்ணெய்க்காரன் வந்தான், சட்டிபானைக்காரி வந்தாள். மாரி பெண்டாட்டி தறிக்காரத் தெருவில் புடவை எடுத்தாள், அந்த வாரமே தறிக்காரர் ஒருவர் என் கூடையை நிறுத்தி மீன் வாங்கினார். கார்த்திகைக்குள் சென்னப்பட்டணம் போன குடும்பங்களில் பாதி திரும்பிவிட்டது. கூரை வேய்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

என் வலைக்கு ஆள் சேரச் சேர அவர்கள் வலைக்கு ஆள் இல்லாமல் போயிற்று. முதலில் வலைக்காரர்களில் ராஜேந்திரன் தன் வலைக்கும் இதே கூறு என்றான். கடைசியாக உன் சித்தப்பா தன் இரண்டு வலைக்கும் அப்படியே வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது ஊர் முழுக்க இதுதான் கூறு. ஆனால் ஊர்த் தீர்ப்பை மட்டும் யாரும் எடுக்கவில்லை. நான் செய்ததைச் செய்கிறார்கள், என்னோடு பேசமாட்டார்கள். கிணற்றடியில் உன் சித்தி இருந்தால் அவள் குடம் நிரப்பிக்கொண்டு போகிற வரைக்கும் நான் தள்ளி நிற்கிறேன். எத்தனை வருஷம் அவள் தலையை நான் வாரியிருக்கிறேன், என் தலையை அவள் வாரியிருக்கிறாள். தையில் பூங்காவனத்துக்குக் கல்யாணம் நடந்தது. சித்தப்பா மகளானாலும் அவள் பால் குடி மறந்தது என் மடியில். எனக்குப் பாக்கு வெற்றிலை வரவில்லை. பெண்ணழைப்பு நம் தெரு வழியாக வரும், வாசலில் நின்றாவது அவளைப் பார்க்கலாம் என்று தலை வாரி நல்ல புடவை கட்டி நின்றுகொண்டிருந்தேன். மேளம் நம் தெரு முனை வரைக்கும் வந்து அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இழுக்கிற வீட்டுப் பெண்கள் வந்து போகிறார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்கள் என் எதிரில் உட்காருவதே இல்லை, எவ்வளவு சொன்னாலும் நின்றுகொண்டே பேசுகிறார்கள். ஒருத்திக்கு உலை வைத்து ஒருத்தியாகச் சாப்பிடுவது எனக்கு இன்னும் பழகவில்லை.

ஆகையால் நீ கூப்பிட்டதும் வரவேண்டும் என்று மனசு துடிக்காமல் இல்லை. ஆனால் நான் வரவில்லை வேணு. காரணம் இதுதான். அண்ணி வலை நம் கைக்கு வந்தால் மறுபடியும் வலைக்கு இரண்டு கூறுதான் என்று உன் சித்தப்பா ராஜேந்திரனிடம் சொல்லியிருக்கிறார். ராஜேந்திரன் தன் வாயால் என்னிடம் சொல்லமுடியாது, மாரியிடம் சொல்லி அனுப்பினான். மூன்று வலை ஒருவர் கையில் இருந்தால் அவர் சொன்னதுதான் கூறு. திரும்பி வந்தவர்கள் மறுபடியும் மூட்டை கட்டுவார்கள், லோகாம்பாள் வண்டி வராது. வலை வழக்கப்படி உன்னுடையது. நீ ஒரு வார்த்தை எழுதினால் அவர் எடுத்துக்கொள்வார், என்னால் தடுக்கமுடியாது. அதனால் கேட்கிறேன், அந்த வார்த்தையை எழுதாதே. அதற்குப் பதிலாக, வலை அம்மா பொறுப்பில் இருக்கும், இப்போதைய கூறு மாறாது என்று உன் கையெழுத்துப் போட்டுப் பெரியதனக்காரர் தேசப்பனுக்கு ஒரு கடுதாசி அனுப்பு. தாமதம் பண்ணாதே. அம்மாவுக்குப் புத்தி கலங்கியிருக்கிறதா இல்லையா என்று இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள்.

அங்கே மழைக்காலத்தில் ஈரத்தில் நின்று வேலை செய்யாதே, உனக்கு மார்ச்சளி சீக்கிரம் கட்டும். காந்தாவைப் பாரமான குடம் தூக்க விடாதே. குழந்தைக்கு முள் இல்லாத மீனாகப் பார்த்துக் கொடுங்கள். உன் கூட வேலை செய்கிறவர்களுக்கும் கூலி சரியாகக் கிடைக்கிறதா என்று எழுது, உன்னுடையதை மட்டும் எழுதாதே.

இந்தக் கடுதாசி இப்போது முகத்துவாரத்துக்கு வெளியே நிற்கிற சுலுப்புக் கப்பலில் வருகிறது. கொழும்புக்கு நேராகப் போகிறதாம். அதில் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, சாமான் அதிகம் இல்லாவிட்டால் ஏற்றிக்கொள்கிறேன் என்று மாலுமி சொல்லி அனுப்பினான். கடுதாசியை மட்டும் கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

நீயும் உன் பெண்டாட்டி பிள்ளையும் நீண்ட ஆயுசோடு, பசி தெரியாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு நான் உங்கள் மூன்று பேர் தலையிலும் கை வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். தேசப்பனுக்கு எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா
பொன்னியம்மாள்
பங்குனி மாதம், பழவேற்காடு