ஏழாவது உடுப்பு

என் மத்திக்குட்டிக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க வாய் வரவில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர ஒரு குறையுமில்லை. வழக்கம்போல அப்பா இந்தக் கடிதத்தையும் உன் கட்டிலில் வைப்பார். உன்னைக் கண்டெடுக்காமல் வீடு திரும்பமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் இந்தத் தீவுக்கு வந்தேன்.

உன் படகு உடைந்த இடத்துக்குப் பக்கத்திலேயே வேலை. எரிமலைப் பாறைகளில் ஏறிக் கடலில் குதித்து விளையாட வருபவர்களுக்கு அளவு பார்த்து ரப்பர் உடுப்பு எடுத்து வைப்பேன், பிறகு அலசிக் காயப்போடுவேன்.

"அலசியே காலம் போயிருமா அத்தை? ஒரு தடவ குதிச்சுத்தான் பாருங்களேன்" என்றாள் வழிகாட்டி டலீலா. நேற்று போனேன். பயப்படாதே, தலைக்கவசம் உண்டு.

எல்லாருமாக ஆறு பேர். என்னையறியாமல் உன் அளவிலும் ஓர் உடுப்பு எடுத்து வைத்துவிட்டேன். அது கொக்கியிலேயே தொங்கியது.

குகைக்குள் குதித்ததும் ஆளுக்கொரு எண் சொல்ல வேண்டும். கடைசியாக நான் "ஆறு" என்றேன். எனக்குப் பின்னாலிருந்து யாரோ மெதுவாக "ஏழு" என்றார்கள்.

"யாருப்பா அது, என் கணக்கக் கெடுக்கிறது?" என்று டலீலா விளக்கை அடித்துப் பார்த்தாள். ஆறு தலைதான் இருந்தது.

திரும்பி வந்து பார்த்தால் கொக்கியில் தொங்கிய உடுப்பும் நனைந்திருந்தது. பிழிந்தேன். உப்புத் தண்ணீரோடு கருமணலும் கொட்டியது.

அப்பா இதைப் படித்தால் என் கம்பளிக் காலுறைகளை அனுப்பட்டும். இங்கே ஈரம் அதிகம். டலீலா கூப்பிடுகிறாள், போக வேண்டும்.

பதினேழு வயதில் போனாய். இந்த இரண்டு வருடத்தில் வளர்ந்திருப்பாயே, அந்த உடுப்பு தோளில் இறுக்கவில்லையா கண்ணு?