சப்பாத்துப் படத்தின் கீழ் எழுதியவை

2025 ஜூன் 16, திங்கட்கிழமை, காலை 6.20
குறிப்பு 1: சப்பாத்து விநியோகம்

கடந்த வெள்ளிக்கிழமை, 13ஆம் திகதி, பூனாகலைக்கு அப்பாலுள்ள தேயிலைத் தோட்டப் பாடசாலையில் வெறுங்காலோடு வரும் பிள்ளைகளுக்கு எமது மாணவர் உதவிச் சங்கம் சப்பாத்து வழங்கியது. செயலாளர் என்ற முறையில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் நானே கொடுத்தேன். படங்களை மகள் நஸ்மியா நேற்று பேஸ்புக்கில் போட்டாள். ஒவ்வொரு படத்தின் கீழும் வர வேண்டியதை நான் சொல்ல, அவள் தட்டினாள். அவற்றில் ஒன்று:

விஜயலெட்சுமி. வயது பதினான்கு. கடைசி லயத்தில் ஒற்றை அறை வீடு. தாய் குவைத்தில். தந்தை குடிப்பவர். சமையல் முதல் தம்பிமாரைக் குளிப்பாட்டுவது வரை இவளே.

"இவ்வளவும் போடணுமா வாப்பா?"

விபரம் இல்லாவிட்டால் எவர் நம்பி உதவுவார்? சென்ற ஆண்டு வெறும் படம் போட்டோம். புத்தகப்பைக்குக்கூட ஆள் கிடைக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்
குறிப்பு 2: அதிபரின் அழைப்பு

அதிபர் தம்பையா நன்றி சொல்ல அழைத்தார். "நீங்க அனுப்புன ஆளு வந்தாருங்க ஹாஜியார். வேன் நெறைய பிஸ்கட்டு, பால்மா. நல்ல மனுசன்."

நாங்கள் எவரையும் அனுப்பவில்லை.

வந்தவர் விஜயலெட்சுமியைப் பெயர் சொல்லி விசாரித்தாராம். தாய் எப்போது திரும்புவாள் என்றும் கேட்டாராம். நன்கொடையாளராக இருக்கலாம். அப்படியானால் தம் பெயரை ஏன் சொல்லவில்லை?

ஜூன் 27, வெள்ளி

நன்கொடையாளர் ஒவ்வொருவரையும் கேட்டுவிட்டேன். எவரும் அந்தப் பக்கம் போகவில்லை. பிள்ளையின் தந்தை வீரய்யாவுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியாயிற்று. ஞாயிறு சங்கக் கூட்டத்தில் தலைவர் ஒப்பமிட்டபின் அனுப்ப வேண்டும். முறைப்படி போவதே நல்லது.

ஜூலை 1, செவ்வாய்

பிள்ளை இல்லை. ஞாயிறு காலையே அந்த வேன்காரர் வந்து கூட்டிப்போய்விட்டார்.

அதிபர் சொல்லி, பஸ் பிடித்துப் போனேன். லயத்து வாசலில் வீரய்யா எழுந்து கும்பிட்டார். நன்றியோடு — அதைத்தான் தாங்க முடியவில்லை.

"கொழும்புல தங்கிப் படிக்க வைக்கிறீங்கன்னு சொன்னாருங்க. போன்ல ஒங்க படத்தக் காட்டுனாரு. ஒங்க கையால சப்பாத்து வாங்குறாளே, அந்தப் படம். அதுக்கப்புறம் நான் என்னங்க கேக்குறது?"

நான் அனுப்பலப்பா. நான் யாரையும் அனுப்பல. எத்தனை தடவை சொன்னேனோ, தெரியாது.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா தண்ணீர் வாளியை இறக்கி வைத்தாள். "சப்பாத்து குடுக்கிறப்ப அத்தன படம் புடிச்சீங்க. அந்த வேனு நம்பர ஒருத்தரும் புடிக்கலியே."

ஒப்பமிட்ட கடிதம் என் பையில் இருந்தது.

ஜூலை 2, புதன்

பதிவை நீக்கினோம். இதுவரை உலகம் முழுவதற்கும் திறந்தே கிடந்தது. பொலிஸில் முறைப்பாடு செய்தேன்.

ஜூலை 4, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.10

நேற்று மாலை ரெங்கம்மாவின் தொலைபேசிக்கு விஜயலெட்சுமி பேசினாள். "ஸ்கூலுக்கு அனுப்பல அத்தை. அப்பாவ வரச் சொல்லுங்க. இது எந்த ஊருன்னு —" அவ்வளவே. அந்த இலக்கம் இப்போது வேலை செய்யவில்லை.

சிறுவர் பாதுகாப்பு அதிகாரிக்கான கடிதத்தை எவரது ஒப்பத்துக்கும் காத்திராமல் நானே கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். இணைத்தவை:

1. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி.
2. வீரய்யாவின் வாக்குமூலம்.
3. அழைப்பு வந்த இலக்கம்.
4. நீக்கிய பதிவின் பிரதி, நான் எழுதியவை உட்பட.
5. அப்பதிவிலிருந்த மற்றச் சிறுமிகளின் பெயர்கள். அவர்களுள் ஒருத்தி இன்று பாடசாலைக்கு வரவில்லை.