ஆமி ஜீப்பின் முழு வெளிச்சம்

பக்கத்து வீட்டு முச்சக்கரவண்டியில் இன்று காலை வயர் ஒன்று கருகிவிட்டது. அந்த வாசம் மதிலைத் தாண்டிக் குசினிக்குள் வந்ததும் அகப்பையை வைத்துவிட்டு அப்படியே நின்றேன், மச்சான். ஜீப்புக்குக் கீழே கிடந்துகொண்டு, "புள்ள, அந்த டெஸ்ட் லாம்ப எடு" என்று நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று காது கொடுத்தேன். நீங்கள் மௌத்தாகி, நான் விதவையாகி ஒரு வருசத்துக்கு மேலாகிவிட்டது.

ராணுவ முகாமில் ஆமியின் பழைய ஜீப்பை நீங்கள் ஏலத்தில் எடுத்து வந்த நாளில் உங்கள் உம்மா வாசலுக்கே வரவில்லை. சண்டைக் காலத்தில் இந்த மாதிரி வெளிச்சம் தெருவில் திரும்பினால் விளக்கை ஊதிவிட்டு மூச்சடக்கி இருந்தவர்கள் நாங்கள். "இதுக்குப் பயந்து எவ்வளவு காலம் இருட்டுல இருந்தம். இனி இது நமக்கு எரியட்டும்" என்றீர்கள். எதிரிக்குத் தெரியாமல் ஓடுவதற்கென்று அதில் மங்கலான சின்ன விளக்கு ஒன்று தனியாக இருந்தது. முதல் வேலையாக அதன் வயரை வெட்டி எறிந்தீர்கள்.

"நாம ஆருக்கு ஒளிக்கணும்?"

அந்த ஜீப்பில்தான் மருதமுனையில் நெய்த சாரன்களைக் கல்முனைக் கடைகளுக்குக் கொண்டுபோனோம். வெள்ளம் ரோட்டை மூடினாலும் அது நிற்கவில்லை. லைட்தான் ஓயாமல் பழுதாகும்; கடற்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? நீங்கள் கீழே கிடப்பீர்கள். நான் பிரேக்கை மிதித்து, சுவிட்சைத் திருப்பி, எது எரிகிறது, எது எரியவில்லை என்று சத்தம் போடுவேன். "கரண்ட் போற வழிய மட்டும் பாத்தா காணாது, திரும்பி வாற வழியும் ஒண்டு இரிக்கி" என்பீர்கள்.

நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு இருந்த இத்தாக் காலம் முடிந்து நான் சாவியை எடுத்தபோது முன்விளக்குகள் மங்கிக் கிடந்தன. பிரேக்கை மிதித்தால் அந்த மங்கல் வெளிச்சமும் இல்லை. உங்கள் தம்பி, பழைய இரும்பு வாங்குகிறவரையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"குடுத்துருங்க மதினி. பொம்புள ஒராள் ஆமி ஜீப்ப ஓட்டிப் போனா ஊர் என்ன கதைக்கும்? லைட்டும் எரியல்ல."

"லைட் எரிஞ்சா?"

"அதுக்குக் காக்காதான் எழும்பி வரணும்."

காக்கா என்று தன் மூத்தவரான உங்களைத்தான் சொன்னார். இரண்டு பேரின் முன்னாலும் பொனட்டைத் திறந்தேன். பல்பைக் கழற்றிப் பெட்டரியில் நேராக வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. விளக்குக்கு வரும் வயரில் டெஸ்ட் லாம்பைப் பிடித்தேன், கரண்ட் வந்தது. அப்படியென்றால் பழுது திரும்பும் வழியில். பல்பை மாட்டிவிட்டு, பெட்டரியின் நெகட்டிவிலிருந்து ஒரு வயரை இழுத்து விளக்கின் கூட்டில் தொட்டேன். முழுசாக எரிந்தது. கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயரை ஜீப்பின் உடம்போடு இறுக்கும் போல்டில்தான் கோளாறு. நீங்கள் கடைசியாக அடித்த பெயின்ட். அதற்கு அடியில் துரு. என்ன அவசரம் மச்சான் உங்களுக்கு, அந்த இடத்திலும் பெயின்ட் அடிக்க? மனதுக்குள் உங்களோடு சண்டை பிடித்துக்கொண்டே இரும்பு மின்னும்வரை சுரண்டி இறுக்கினேன். சுவிட்சைப் போட்டேன். எதிர் மதில் வெளுத்தது. பிரேக்கை மிதித்தேன். வெளிச்சம் அசையவில்லை.

"இது விக்கிற வண்டி இல்ல தம்பி" என்று இரும்பு வாங்க வந்தவர் நடையைக் கட்டினார்.

உங்கள் தம்பி மட்டும் விடவில்லை. "ஊர் கதைக்கும் மதினி."

"கதைக்கட்டும். நல்ல வெளிச்சத்துல பாத்துட்டுக் கதைக்கட்டும்."

அன்று மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு, இரண்டு முன்விளக்கும் எரிய, பிரதான வீதியால் மருதமுனைக்குப் போனேன். கடை வாசல்களில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வேகத்தைக் கூட்டவில்லை. தறி வீடுகளில் பெண்கள் சாரன் கட்டுகளோடு காத்திருந்தார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் என்னோடு வந்து ஓட்டப் பழகுகிறார்கள்.

அதுவும் உங்கள் தம்பிக்குப் பிடிக்கவில்லை. நேற்று வந்திருந்தார். தேத்தண்ணியை நீட்டியபோது என் நக இடுக்கில் கிடந்த கிறீஸ் கறுப்பைப் பார்த்தார்.

"கையக் கழுவல்லயா மதினி?"

"கழுவினதான்" என்றேன். "இது போகாது."