மூக்கைத் தொட்டால் நான்

அண்ணா,

பேரன் காதுக்குப் பின்னால் மாட்டும் கருவிக்கு இன்று காலை பேட்டரி மாற்றினேன். கருவி கட்டைவிரல் அளவுகூட இல்லை. அதைக் கையில் வைத்திருக்கும்போதே உன் நினைப்பு வந்துவிட்டது.

அவனும் உன்னைப் போலவே காது கேளாமல் பிறந்தவன். இது ரத்தத்தில் வருவது, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொண்டு போனால் எந்தப் பிள்ளையிடமாவது வெளியே வந்துவிடும் என்று திருப்பதி டாக்டர் பாதித் தெலுங்கில் சொன்னார். அம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை. என்னை அத்தை மகனுக்குக் கொடுத்தார்கள். நான் என் மகளை நாத்தனார் பிள்ளைக்குக் கொடுத்தேன். நிலம் வெளியே போகாது என்று எல்லோருக்கும் திருப்தி. நிலத்தோடு வேறு என்னவெல்லாம் வீட்டுக்குள்ளேயே தங்கியது என்று யார் கண்டார்கள்?

ஒரே வயிற்றில் பிறந்தும் எனக்குக் கேட்டது, உனக்குக் கேட்கவில்லை. அதற்காக நீ சும்மா இருந்தவனா? வீட்டில் எல்லோருக்கும் பெயர் வைத்தாய். மீசையை முறுக்கினால் நைனா. முந்தானையில் முடிச்சுப் போடுவது போலக் காட்டினால் அம்மா. எனக்கு மூக்குக் குத்திய அன்று நான் போட்ட கூச்சலைப் பார்த்துவிட்டு, உன் மூக்கோரத்தை ஒரு விரலால் தொட்டுச் சிரித்தாய். அன்றிலிருந்து அதுதான் என் பெயர்.

பேசாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளி ஒன்று திருத்தணியைத் தாண்டி இருக்கிறதென்று கேள்விப்பட்டு நைனா உன்னை அழைத்துப் போனார். மாநில எல்லை பிரித்த சமயம். திருத்தணி மதராஸுக்குப் போயிற்று, நம் நகரி ஆந்திராவில் நின்றது. சாயங்காலமே இருவரும் திரும்பிவிட்டீர்கள்.

"அவங்க பக்கத்துப் புள்ளைங்களுக்குத்தான் எடமாம். நம்ம ஊரு ஆந்திரா ஆயிடுச்சாம்," என்றார் நைனா.

அதற்கு மேல் அவர் எங்கும் கேட்கவில்லை. நான் தெலுங்குப் பள்ளிக்கூடம் போனேன், நீ மாடு மேய்க்கப் போனாய். பள்ளிக்கென்று தைத்த சட்டையை மாடு மேய்க்கப் போட்டே கிழித்தாய்.

நம் ஊர் சாலையில் பஸ் வருவதை உள்ளங்காலிலேயே தெரிந்துகொண்டு எனக்கு முன்னால் ஒதுங்குகிறவன் நீ. பெரியவனாகி மூட்டை தூக்கப் போன பங்காருபாளையம் மாங்காய் மண்டியில் அந்த வித்தை பலிக்கவில்லை. சீசனில் நாலா பக்கமும் லாரி, தரை முழுக்க அதிர்ந்துகொண்டே இருக்குமாம். பின்னால் வந்த லாரியை நீ அறியவில்லை. உன்னோடு மூட்டை தூக்கியவன் நம் வாசலில் நின்று அழுதான்.

"எல்லாரும் கத்திக்கினேதான் இருந்தோம்க்கா," என்றான்.

பேரனுக்கும் உன் காதுதான். ஆனால் இவனுக்குக் காதில் கருவி வைக்கும் ஆபரேஷன் இருந்தது, கூட உட்கார்ந்து பேசப் பழக்கும் டீச்சர் இருக்கிறாள். உனக்கு ஒரு பள்ளிக்கூடம்கூட வாய்க்கவில்லை.

கருவியை மாட்டிவிட்டு, அவனைப் பின்னாலிருந்து மெல்லக் கூப்பிட்டேன். உடனே திரும்பி, "அம்மம்மா" என்றான். ஆபரேஷனுக்கு முன்பு, யாரும் சொல்லித் தராமலே, இவனும் மூக்கைத் தொட்டுத்தான் என்னைக் காட்டுவான். மூக்குத்தி மினுங்குவதால் இருக்கும் என்பாள் மகள். இப்போது அதை அடியோடு மறந்துவிட்டான்.

எனக்குச் சந்தோஷம்தான் அண்ணா. ஆனால் நீ வைத்த பெயரால் என்னைக் கூப்பிட இனி ஒருவரும் இல்லை. தனியாக இருக்கும்போது நானே ஒரு விரலால் மூக்கோரத்தைத் தொட்டுக்கொள்கிறேன்.